2027 பிரேசில் கார்னிவல்: ரியோ, சால்வடோர் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

செந்தாழை:

வணக்கம். நானும் தங்கையும் 2027 பிப்ரவரி 3 அன்று ரியோ டி ஜெனீரோவில் இறங்கி, 14 அன்று திரும்புவதாகத் திட்டம். இதுவரை போட்டிருக்கும் கணக்கு: வெள்ளி, சனி ரியோவின் தெருக் கொண்டாட்டங்கள், ஞாயிறு இரவு சாம்பாட்ரோம் அரங்கில் அணிவகுப்பு, திங்கள் காலை சால்வடோருக்கு விமானம், புதன்கிழமை மறுபடி ரியோ.

கேட்க வேண்டியவை:
இந்த ஓட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா?
ரியோவில் எந்தப் பகுதியில் தங்கலாம்?
சாம்பாட்ரோமில் எந்த செக்டர்?
போன், பணம் விஷயத்தில் என்ன செய்யலாம்?

இருவருமே சைவம், முட்டை, பால் சாப்பிடுவோம். போர்த்துகீசியம் தெரியாது.

---

குவானபாரா:

திங்கள் காலை விமானத்தை முதலில் அழித்துவிடுங்கள். ஞாயிறு அணிவகுப்பு இரவு 10 மணி வாக்கில் தொடங்கும். ஒரு பள்ளி (போட்டியிடும் சாம்பா ஆட்டக் குழுவை அப்படித்தான் சொல்வார்கள்) கடந்துபோக எண்பது நிமிடம் வரை ஆகும், ஓர் இரவுக்கு நான்கு பள்ளிகள். முடியும்போது விடிகாலை நான்கு மணி ஆகிவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடி, இரண்டு மணி நேரம் பறந்து இறங்கினால், சால்வடோரில் கொண்டாட்டம் நடக்கும் பகுதிக்குள் கார் போகாது. அந்த வெயிலில் பெட்டியோடு நடக்க வேண்டியிருக்கும். விடுதிகளும் கார்னிவலுக்கு நான்கைந்து இரவுகளைச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். இரண்டு ஊரிலும் முழுத் தொகுப்புக்குப் பணம் கட்டி, பாதியைத்தான் பார்ப்பீர்கள்.

தேதிகள்: கார்னிவல் ஈஸ்டரைப் பொறுத்து நகரும். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. அதனால் கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 9, திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. திங்கள், செவ்வாய் வங்கிகள் மூடியிருக்கும், புதன் நண்பகலுக்கு மேல்தான் திறக்கும். சூப்பர் மார்க்கெட்டுகள் குறைந்த நேரம் இயங்கும். எனவே தண்ணீர், பழம், சன் ஸ்கிரீன், கொசு விரட்டி எல்லாம் வியாழனுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். பிப்ரவரி டெங்கு காலமும்கூட, கொசு விரட்டியை அலட்சியம் செய்யாதீர்கள்.

தங்குவதற்கு என் ஓட்டு பொட்டாஃபோகோ, ஃப்ளமெங்கோ, கட்டெட்சி, லார்கோ டோ மஷாடோ. காரணம் ஒன்றுதான்: மெட்ரோ. கார்னிவல் நாட்களில் தெருக்கள் திடீரென அடைக்கப்படும், ஊபர் கட்டணம் ஏறும், பேருந்து வழி மாறும். மெட்ரோ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நாட்களில் இரவிலும் நிறுத்துவதில்லை. கூட்ட நேரத்தில் சில நிலையங்களின் சில வாயில்களை மூடுவார்கள், அதை மட்டும் அன்றன்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடாமல் பணம் செலுத்தும் கார்டை நேராகத் தடுப்புக் கதவிலேயே காட்டலாம், வரிசையில் நிற்க வேண்டாம். கோபகபானா, இபனேமாவில் தங்கினாலும் நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கிற இடமாகப் பாருங்கள். சாந்தா தெரேசா அழகான மலைப்பகுதி, ஆனால் கார்னிவலில் அதன் குறுகிய தெருக்கள் காலையிலிருந்தே நிரம்பிவிடும், எந்தக் காரும் மேலே ஏற ஒப்புக்கொள்ளாது. லாபாவில் தூக்கம் கிடைக்காது.

தெருக் கொண்டாட்டக் குழுக்களை பிளோக்கோ என்பார்கள். பட்டியலில் போட்டிருக்கும் நேரம் ஆட்கள் கூடும் நேரம். ஊர்வலம் நகர ஒரு மணி நேரம் பிந்தும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடுவதே நல்லது: வாத்தியக்காரர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், நிற்க இடம் இருக்கும், எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று பார்த்துவைக்கலாம். சாந்தா தெரேசாவின் செயு நா தெஹா போன்றவை காலை ஏழெட்டு மணிக்கே ஆரம்பித்துவிடும். 1918இல் தொடங்கிய கோர்டாவ் டா போலா பிரெட்டா சனிக்கிழமை காலை நகர மையத்தில் நடக்கும். வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட உடைதான் அங்கே வழக்கம். கூட்டம் பல லட்சம், முதல் அனுபவத்துக்கு ஓரமாக நின்று பார்ப்பதே போதும். சிறிய பிளோக்கோக்கள் பல, இடத்தை முந்தின இரவுதான் இன்ஸ்டாகிராமில் சொல்லும்.

ஒரு நாளுக்கு ஒரு பிளோக்கோ, மிஞ்சினால் இரண்டு. காலை எட்டு முதல் பதினொன்று வரை ஒன்று, பிறகு அறைக்குத் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, நாலரைக்கு மேல் இன்னொன்று. நடுப்பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டலாம், மாலையில் இடியோடு மழை கொட்டலாம். பட்டியல் போட்டு நான்கைத் துரத்துகிறவர்கள் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: பிளோக்கோ முடிந்த பிறகு நகர மையம் சட்டென்று காலியாகும். அலுவலகத் தெருக்கள், விடுமுறை நாள், ஆளே இருக்காது. வழிப்பறி நடப்பது பெரும்பாலும் கூட்டத்தின் நடுவிலோ இந்தக் காலித் தெருக்களிலோதான். கடைசிப் பாட்டுக்குக் காத்திராமல், கூட்டம் மெட்ரோ பக்கம் நகரும்போதே கூட நகர்ந்துவிடுங்கள்.

---

தாளக்கட்டு:

சாம்பாட்ரோம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆஸ்கர் நீமெயர் வடிவமைத்து 1984இல் திறந்த இடம் அது. சுமார் 700 மீட்டர் நீளத் தெரு, இருபுறமும் கான்கிரீட் படிக்கட்டுகள். ஒற்றைப்படை செக்டர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஒற்றைப்படை என்றால் சென்ட்ரல் மெட்ரோ நிலையம், இரட்டைப்படை என்றால் ப்ராசா ஒன்ஸி நிலையம். மாறி இறங்கினால் நடுவில் குறுக்கே கடக்க வழி கிடையாது, கூட்டத்தோடு நெடுந்தூரம் சுற்ற வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அர்க்கிபங்காடா என்பது கான்கிரீட் படி. பெரும்பாலான செக்டர்களில் இருக்கை எண் கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் இடம். 9ஆம் செக்டர் எண் போட்ட இருக்கை, வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ஒதுக்கியது, விலை கூடுதல். ஃப்ரீசா என்பது தெருவை ஒட்டிய ஆறு பேர் பெட்டி. முகங்களும் தையல் வேலைப்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் பெரிய வண்டிகளின் முழு உருவம் கண்ணுக்கு அடங்காது. அணிவகுப்பின் கதையைப் புரிந்துகொள்ள விரும்பினால் படிக்கட்டின் நடு உயரம்தான் சரி.

பட்டேரியா எனப்படும் தாளக்குழு, 9க்கும் 11க்கும் நடுவிலுள்ள ஒதுக்கிடத்துக்குள் திரும்பி நின்று வாசிக்கும், மற்ற அணிகள் அதைக் கடந்துபோகும். தாளத்துக்காக வருகிறவர்கள் அந்தப் பக்கம் கேளுங்கள். 12, 13 தெருவின் கடைசி. விலை குறைவு. ஆனால் அங்கே வருவதற்குள் ஆடுகிறவர்கள் களைத்திருப்பார்கள், கடைசிப் பள்ளி நேரத்தை எட்டிப்பிடிக்க ஓடுவதும் உண்டு. நேரம் மீறினால் புள்ளி குறையும் என்பதால் அந்த அவசரம்.

2025 முதல் முதல்தரப் பள்ளிகளின் அணிவகுப்பு ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று இரவுகளாகப் பிரிந்திருக்கிறது. அதற்கு முன் இரண்டே இரவு, ஆறாறு பள்ளி, விடிந்தபின்தான் முடியும். பழைய வழிகாட்டிகளில் இன்னமும் அதுவே எழுதியிருக்கும், நம்பாதீர்கள். வெள்ளி, சனி இரவுகள் இரண்டாம் தரமான செரியே ஒவுரோ பிரிவு. டிக்கெட் மலிவு, உழைப்பில் குறைவில்லை, மேலே ஏறிவரத் துடிக்கும் பள்ளிகள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். திருநீற்றுப் புதன் பிற்பகலில் நடுவர்கள் புள்ளியை வாசிப்பார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை, அதாவது பிப்ரவரி 13, முதல் ஆறு இடம் பிடித்த பள்ளிகள் மறுபடி அதே தெருவில் வரும். போட்டி முடிந்த இறுக்கமற்ற ஆட்டம், டிக்கெட்டும் குறைவு. நீங்கள் 14 வரை இருக்கிறீர்கள். எனவே 3ஆம் தேதி இறங்கி, நேராக சால்வடோர் போய் அங்கே கார்னிவலை முடித்து, 10 அன்று ரியோ வந்து, 13 இரவு வெற்றிப் பள்ளிகளைப் பாருங்கள். அந்த வார இறுதியிலும் ரியோவில் பிளோக்கோக்கள் நடக்கும். இரண்டு ஊரும் முழுதாகக் கிடைக்கும் வரிசை இது ஒன்றுதான்.

அரங்குக்கு எடுத்துப்போக: மெல்லிய மழைக்கோட்டு (குடை அனுமதியில்லை), உட்கார மடக்கும் மெத்தை, பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம். கண்ணாடி எதுவும் கூடாது. டிக்கெட்டை லீகாவின், அதாவது பள்ளிகளின் சங்கமான லியேசாவின் தளம் சொல்லும் வழியில் மட்டும் வாங்குங்கள். வாசலில் விற்கிறவரிடம் வாங்குவது, ஏற்கெனவே ஒருவர் உள்ளே போன டிக்கெட்டாக இருக்கலாம்.

அணிவகுப்பில் சேர்ந்து ஆடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆடலாம். சில அணிகள் உடையை வெளியாட்களுக்கு விற்கும். ஆனால் வேடிக்கையாக எண்ணாதீர்கள். அந்தப் பள்ளியின் ஆண்டு முழுவதுமான உழைப்பு உங்கள் கையில் இருக்கிறது. அந்த ஆண்டுப் பாட்டின் பல்லவியையாவது மனப்பாடம் செய்யுங்கள், வாய் அசையாதவர்களை நடுவர் பார்ப்பார். கைக்கடிகாரம், குளிர்கண்ணாடி, சொந்தக் காலணி கூடாது. போன் எடுத்துப் படம் பிடிக்கவே கூடாது. தலைப்பாகை அறுந்தால் குனிந்து தேடாமல் வரிசை இடைவெளி விடாமல் நடங்கள், இடைவெளிக்கும் புள்ளி போகும். ப்ரெசிடென்ச்சி வர்காஸ் சாலையில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றே காத்திருக்க வேண்டும், கழிப்பறைக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். தோள்பட்டைச் சட்டகம் உரசும் இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டால் ரத்தம் கட்டாது.

---

கடலோரம்:

தாளக்கட்டு சொன்ன வரிசையை அப்படியே ஆதரிக்கிறேன். சால்வடோர் விவரம்:

கொண்டாட்டம் வியாழன் மாலையே தொடங்கும். மூன்று பாதைகள். பாஹாவிலிருந்து ஒண்டினா வரை கடற்கரை ஓரம் போவது டோடோ. காம்போ கிராண்டே பக்கம் பழைய பாதை ஒஸ்மார். பெலோரீன்யோவின் பழைய தெருக்களில் ஒலிபெருக்கி வண்டி இல்லாமல், சிறு இசைக் குழுக்களோடு நடப்பது பட்டட்டீன்யா. முதல் இரண்டு பெயரும் 1950இல் பழைய காரில் ஒலிபெருக்கி கட்டித் தெருவில் வாசித்த டோடோ, ஒஸ்மார் என்ற இருவருடையவை. இன்று ட்ரியோ எலெட்ரிக்கோ என்று ஓடும் ராட்சத லாரிகளுக்கு அதுதான் மூலம்.

லாரியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்கள் பிடித்து வருவார்கள். அபடா என்ற சட்டை வாங்கியவர்கள் கயிற்றுக்குள்ளே, மற்ற எல்லாரும் வெளியே. வெளியே இருப்பதற்குப் பெயர் பிபோகா. அபடாதான் டிக்கெட், அதைத் தொலைத்தால் வேறு கிடைக்காது. நீங்கள் இருவர்தான் என்பதால், ஒரு நாள் அபடா வாங்குங்கள், மற்ற நாட்கள் பெலோரீன்யோவில் இருங்கள். பிபோகாவில் நின்றால் லாரிக்கு முன்னாலோ பின்னாலோ வெகுதூரம் விலகி நில்லுங்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள், அங்கேதான் நசுங்கும். காவலர்கள் ஒற்றை வரிசையாகக் கூட்டத்தைப் பிளந்து வருவார்கள். உடனே வழிவிடுங்கள்.

தவறவிடக் கூடாதவை இரண்டு. சனிக்கிழமை இரவு லிபெர்டாடி பகுதியின் குருசு மேட்டிலிருந்து இலே ஆயே புறப்படுவது. 1974இல் தொடங்கிய முதல் ஆப்பிரிக்க பிளோக்கோ. பிறகு ஞாயிறு பிற்பகல் பெலோரீன்யோவிலிருந்து ஃபில்யோஸ் டி காந்தி. காந்தி சுடப்பட்ட மறு ஆண்டு, 1949இல், துறைமுகச் சுமைதூக்கிகள் அவர் பெயரில் தொடங்கியது. வெள்ளை உடை, துண்டால் கட்டிய தலைப்பாகை, நீலமும் வெள்ளையுமான மணிமாலைகள், லாவெண்டர் வாசனை, அஃபோஷே என்ற ஆப்பிரிக்க-பிரேசில் தாளம். ஆண்கள் மட்டுமே நடப்பார்கள். மாலையைக் கழற்றிக் கொடுத்து முத்தம் கேட்பது அவர்களிடம் உள்ள வழக்கம். விருப்பமில்லை என்றால் தலையசைத்து விலகினால் போதும். மாலையை வாங்கி அணிந்துகொண்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், தங்கையிடமும் சொல்லிவையுங்கள்.

அத்துமீறினால் அது 2018 முதல் பிரேசில் முழுவதும் தண்டனைக்குரிய குற்றம். "நாவ்" (வேண்டாம்) என்று சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காவல் 190, பெண்கள் உதவி 180, ஆம்புலன்ஸ் 192.

---

செந்தாழை:

மிக்க நன்றி. வரிசையை மாற்றிவிட்டோம்: 4 முதல் 10 காலை வரை சால்வடோர், பிறகு ரியோ. சாப்பாடு, போன், பணம் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்களேன். தடுப்பூசி ஏதாவது தேவையா?

---

குவானபாரா:

தடுப்பூசியிலிருந்து தொடங்குகிறேன், இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். பிரேசில் உங்களிடம் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்காது. இந்தியா திரும்பும்போது கேட்கும். சான்றிதழ் இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த சட்டத்தில் இடமுண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்க. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும் போட்டு, மஞ்சள் புத்தகத்தை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன்: தெருவுக்கென்று பழைய போன் ஒன்று. அதில் வரைபடம், ஊபர், மொழிபெயர்ப்பு மட்டும். வங்கிச் செயலி, முக்கிய மின்னஞ்சல் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே திருடர்கள் பூட்டுத் திறந்த போனைத்தான் குறிவைப்பார்கள், போனைவிட உள்ளே இருக்கும் கணக்கு அவர்களுக்கு லாபம். சிம்முக்கு பின் எண் போடுங்கள். டோலெய்ரா என்ற மெல்லிய இடுப்புப் பையை உடைக்கு உள்ளே கட்டுங்கள், வெளியே தொங்கும் பை எதுவானாலும் கிழிபடும். ஊபர் அழைக்க ஏதாவது கடைக்குள்ளே நின்று அழையுங்கள், நடைபாதை ஓரம் போனை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பறிக்க வந்தால் கொடுத்துவிடுங்கள்.

பணம்: தேங்காய் விற்பவர்வரை கார்டு வாங்குவார். பிக்ஸ் என்ற உடனடிப் பரிமாற்றம்தான் எங்கும் ஓடுகிறது, அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் அதை நம்பி இருக்காதீர்கள். தெருவில் கார்டை யார் கையிலும் தராதீர்கள், நீங்களே தொட்டுக் காட்டுங்கள். திரையில் தொகை தெரியாவிட்டால், திரை உடைந்திருந்தால், "முதல் தடவை போகவில்லை, இன்னொரு தடவை" என்றால், நிறுத்திவிட்டு ரொக்கம் கொடுங்கள். 15 ரெயால் (பிரேசில் நாணயம்) 1,500 ஆவது இப்படித்தான். கூட்டத்தில் கார்டை மாற்றிக் கொடுப்பதும் நடக்கும். ஏடிஎம் என்றால் வணிக வளாகம் அல்லது வங்கிக்குள், பகலில். இரவு 10க்கு மேல் எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு.

குடிப்பவர்களுக்கு: மூடிய பீர் கேன் மட்டும். 2025 செப்டம்பர், அக்டோபரில் சாவோ பாவ்லோவில் மெத்தனால் கலந்த மதுவால் உயிரிழப்புகள் நடந்தன. தெருவண்டி வோட்கா, கைப்பிரினியா (கரும்புச் சாராயக் கலவை) வேண்டவே வேண்டாம்.

---

கடலோரம்:

சாப்பாடு: மதியத்துக்கு எடை போட்டு விற்கும் உணவகங்கள், போர் கீலோ என்ற பலகை பார்த்து நுழையுங்கள். சோறு, கீரை, பூசணி, மரவள்ளி, முட்டை, சாலட் எல்லாம் எடுத்துத் தட்டை எடைபோட்டால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். அவரைக் குழம்பில் பெரும்பாலும் பன்றித் துண்டு கிடக்கும், அதைக் கேட்டுவிட்டு எடுங்கள். "கார்னி வேண்டாம்" என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொண்டு கோழியோ ஹாமோ வைப்பார்கள். "செங் கார்னி, செங் ஃப்ராங்கோ, செங் பெய்ஷி, செங் ப்ரெசுண்டோ" (இறைச்சி, கோழி, மீன், ஹாம் இல்லாமல்) என்று நான்கையும் சொல்லுங்கள். பாவ் டி கெய்ஜோ என்ற சீஸ் ரொட்டி, தேங்காயோ சீஸோ வைத்த தபியோகா, அசாயி என்ற பழக்கூழ்: மூன்றும் எங்கும் கிடைக்கும், மூன்றும் உங்களுக்கு ஒத்துவரும். தபியோகா மரவள்ளி மாவில் சுட்டெடுப்பது, பசி நன்றாகத் தாங்கும்.

சால்வடோரில் அகராஜெ: தோல் நீக்கிய தட்டைப்பயறை வெங்காயத்தோடு அரைத்து, டென்டே என்ற சிவப்புப் பனை எண்ணெயில் பொரிப்பது. நம் வடைக்கு அண்ணன் என்றே சொல்லலாம். ஆனால் உள்ளே வைக்கும் வடபா, கருரு என்ற இரண்டு கூட்டுகளிலும் உலர்ந்த இறால் அரைத்திருக்கும். "செங் கமராவ்" (இறால் இல்லாமல்) என்றால் மேலே தூவும் இறாலை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். வடபா, கருரு இரண்டையும் வேண்டாம் என்று சொல்லி, தக்காளி சாலட் மட்டும் வைத்து வாங்குங்கள். எண்ணெயில் இறால் பொரித்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். டென்டே வயிற்றுக்குப் புதிது, முதல் நாள் ஒன்றோடு நிறுத்துங்கள்.

பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். கட்டாயமில்லை, ஆனால் எல்லோரும் கொடுப்பார்கள்.

---

பாறைமேடு:

ஒரு மாற்றுக் கருத்து. இந்தக் கயிறும் கட்டணமும் வேண்டாம் என்று தோன்றினால் சால்வடோருக்குப் பதில் ரெசிஃபி, அதை ஒட்டிய ஒலிண்டா பாருங்கள். தெருக் கொண்டாட்டம் இலவசம், கயிறே கிடையாது. பகலில் ஒலிண்டாவின் கல்பாவிய செங்குத்துத் தெருக்களில் ராட்சதப் பொம்மைகளும் ஃப்ரெவோ என்ற வேக இசையின் பித்தளை வாத்தியங்களும், இரவில் பழைய ரெசிஃபியின் மார்கோ ஜேரோ மேடை. சனிக்கிழமை காலை காலோ டா மட்ருகாடா என்ற மாபெரும் பிளோக்கோ, திங்கள் இரவு பாட்டியோ டோ தெர்சோ சதுக்கத்தில் மரகட்டு என்ற ஆப்பிரிக்க-பிரேசில் தாளக் குழுக்கள் விளக்கணைத்து முன்னோரை வணங்கும் சடங்கு. இந்த ஒன்றுக்காகவே போகலாம்.

ஒலிண்டாவில் தங்கினால் வெள்ளி மதியத்துக்குள் பெட்டியோடு உள்ளே போய்விடுங்கள், பிறகு வண்டி ஏறாது. ரப்பர் அடிப் பிடிமானமுள்ள பழைய ஷூ போடுங்கள், கல்லில் பீர் சிந்திச் சறுக்கும். இன்னொன்று: ரியோவிலும் சால்வடோரிலும் மின்சாரம் 127 வோல்ட், ரெசிஃபி, ஒலிண்டாவில் 220. போன் சார்ஜருக்குப் பிரச்சினையில்லை, ரியோவில் வாங்கிய முடி உலர்த்தியை இங்கே சொருகினால் எரிந்துவிடும். பிளக் மூன்று உருண்டைக் கால், ஆனால் நம்முடைய வகையிலிருந்து வேறு. அடாப்டரை இறங்கியதும் எந்த மின்சாமான் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.